படிப்புக் கடன்: வட்டி எப்போது ஓடத் தொடங்குகிறது?

உயர்தரம் சித்தியடைந்தும் வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் குறைந்து பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகள் திருகோணமலையில் வருடா வருடம் இருக்கிறார்கள். கையில் காசில்லாத வீட்டில் அடிபடும் பேச்சு மூன்று: அரசாங்கத்தின் வட்டியில்லாக் கடன், வங்கியின் கல்விக் கடன், அம்மாவின் நகை. ‘எத்தனை வீதம்?’ என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். படிக்கிற நாலு வருடமும் வட்டியை யார் சுமப்பது என்பதை அதற்கு முன் கேட்க வேண்டும்.

முதலில் வங்கி. ஆட்கள் அதிகம் அகப்படுவது இங்கேதான். ஒரு கணக்குக்கு 10 இலட்சம், 14 வீதம் என்று வைப்போம். உடனே கட்டத் தொடங்கி 5 வருடத்தில் முடித்தால், மீதித் தொகைக்கு மட்டும் வட்டி போடும் முறையில் மாதம் ஏறக்குறைய 23,270 ரூபாய். மொத்த வட்டி 4 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அதே 14 பிளாட் ரேட் என்றால், அதாவது கட்டக் கட்டக் குறையாமல் எடுத்த முழுத் தொகைக்கும் கடைசிவரை வட்டி போட்டால், வட்டி மட்டுமே 7 இலட்சம். சரி, ‘படித்து முடித்த பிறகு கட்டலாம்’ என்கிறார்களே? அந்தச் சலுகைக் காலத்தில் வட்டி மாதாமாதம் முதலோடு சேர்ந்தால், நாலாவது வருட முடிவில் கடன் 17 இலட்சத்து 45 ஆயிரம். பிள்ளை இன்னும் முதல் சம்பளம் எடுக்கவில்லை. வட்டியை மட்டும் கட்டிக்கொண்டு வரச் சொன்னால் மாதம் 11,667 ரூபாய். அது அப்பாவின் தலையில்.

வீதமும் அப்படியே நிற்காது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கடன் வசதி வீதத்தை, அதாவது வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வட்டியை, ஒரே தடவையில் 7.5இலிருந்து 14.5 ஆக்கியது. மாறும் வட்டியில் கையெழுத்து வைத்தவர்களின் தவணை என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் பிணை. நிரந்தரச் சம்பளக்காரர் இரண்டு பேரைக் கொண்டுவரச் சொல்வார்கள். உவர்மலையில் ஆசிரியராக இருக்கும் மாமாவைத் தேடிப் போனால், அவர் ஏற்கனவே மச்சானின் கடனுக்குக் கையெழுத்து வைத்திருப்பார். சம்பளப் பட்டியலில் பிடித்தம் போக மிச்சம் காணாது என்று வங்கி திருப்பி அனுப்பும். தவணை பிந்தினால் கிரிப்பில் (கடன் தகவல் பணியகத்தில்) பதிவாவது பிள்ளையின் பெயர் மட்டுமல்ல, பிணை நின்றவருக்கும் சேர்த்துத்தான் சிக்கல்.

வட்டியில்லாக் கடனில் வட்டி ஏறும் பயம் இல்லை. 2017இல் தொடங்கிய திட்டம் இது. அரச பல்கலைக்கழக அனுமதி கிடைக்காதவர்களுக்கு, அங்கீகரிக்கப்பட்ட தனியார் உயர்கல்வி நிறுவனங்களில் பட்டம் படிக்க, தொடக்கத்தில் 8 இலட்சம் வரை கொடுத்தார்கள். வட்டியை வங்கிக்கு அரசாங்கமே கட்டுகிறது. எடுத்த முதலை மட்டும் படிப்பு முடிந்த பிறகு தவணையாகத் திருப்ப வேண்டும். குறை வேறு இடத்தில். அந்த நிறுவனங்களில் பெரும்பாலானவை கொழும்பை அண்டித்தான். மூதூரிலிருந்து போகிற பிள்ளைக்குப் போர்டிங், சாப்பாடு, பஸ் காசு என்று ஒரு தனிச் செலவு ஓடும். பாடநெறிக் கட்டணம் கடன் எல்லையைத் தாண்டினால் மிச்சமும் கைக்காசுதான்.

அந்த மிச்சத்துக்குத்தான் நகை. அடகுக்குப் பிணையாளர் தேவையில்லை, அன்றைக்கே காசு. கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக் குறைக்கலாம், வட்டியைக் கட்டிப் புதுப்பிக்கலாம். புதுப்பிக்காமல் விட்டால் ஏலத்துக்குப் போகும். லப்டொப், போர்டிங் முற்பணம் மாதிரிச் சின்னத் தொகைக்கு இது வங்கிக் கடனைவிட மேல் என்பேன். நாலு வருடக் கட்டணம் முழுவதையும் பவுணில் தள்ளுவது வேறு கதை. தங்கச்சியின் கல்யாணமும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. மாதம் நூற்றுக்கு ஐந்து என்று வெளியில் எடுக்கும் காசை நான் இந்த ஒப்பீட்டுக்குள்ளேயே எடுக்கவில்லை, வருடத்துக்கு 60 வீதம் அது.

என் வரிசை: வட்டியில்லாக் கடன், குறைக்கு அடகு. வங்கியைக் கடைசி வருடத்தில் பார்க்கலாம், அதுவும் மீதிக்கு வட்டி, மாறா வீதம் என்று எழுத்தில் தந்தால். கொழும்புக்கு அனுப்பவே வழியில்லாத வீடு, ஊரிலுள்ள உயர் தொழில்நுட்பவியல் நிறுவனத்தின் முழுநேர டிப்ளோமாவை முதலில் விசாரிக்கட்டும். வீட்டிலிருந்தே போய்வரலாம், பட்டத்தை வேலைக்குப் போனபிறகு பார்த்துக்கொள்ளலாம்.