‘முழு வயரிங் மாத்தியாச்சு’ என்று பில் வந்தால் டேப்பைப் பிரித்துப் பாருங்கள்

1984 மாடல் அம்பாசிடர், மார்க் 4. ஓனர் சொல்லி விட்ட குறை மூன்று. ஹெட்லைட் மங்கல், நாலைந்து நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது, இடதுபக்க இண்டிகேட்டர் மெதுவாகத் துடிக்கிறது. பத்து நாள் கழித்து வந்த பில்லில் முழு வயரிங், ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்வது), கூலி எல்லாம் சேர்த்து ரூ. 28,500. ஆறாவது வாரம் டேஷ்போர்டுக்குப் பின்னால் புகை. கடைப் பெயர் வேண்டாம், இதே வேலையைச் செய்கிற கடை பல ஊரிலும் உண்டு.

பிரித்துப் பார்த்தால், புது டேப்புக்குள் பாதிக்கு மேல் பழைய ஹார்னஸ்தான், அதாவது பழைய வயர்க் கட்டு. கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மட்டும் புது வயர். அதுவும் வீட்டுக்குப் போடும் 1 ஸ்கொயர் எம்எம், அத்தனையும் சிவப்பு. இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை. செம்பு பூசிய அலுமினியம். முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட்டில் அலுமினியம் நாளடைவில் தளரும், ஆக்சைடு படியும், சூடேறும். புகைந்தது அப்படி ஒரு ஜாயின்ட்தான்.

ஃப்யூஸ் ஏன் போகவில்லை? ஜாயின்ட் சூடாவதை ஃப்யூஸ் தடுக்காது, அங்கே கரண்ட் கூடுவதில்லை. ஆனால் இன்சுலேஷன் உருகி வயர் பாடியைத் தொட்ட பிறகாவது போயிருக்க வேண்டும். போகவில்லை, ஏனென்றால் கண்ணாடி ஃப்யூஸ் மேல் செம்பு இழை சுற்றியிருந்தது. இன்னொன்று: லூகாஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பழைய ஃப்யூஸில் 35 ஆம்ப் என்று இருந்தால் அது எரிகிற அளவு, தொடர்ந்து தாங்குவது 17தான். இன்று கடையில் 35 என்று கேட்டு வாங்கிப் போட்டால் அது தொடர்ந்தே 35 தாங்கும், வயர் எரிந்த பிறகே ஃப்யூஸ் எரியும்.

நிறம் வெறும் அழகுக்கு இல்லை. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் காரின் வழி வந்த வண்டி இது, வயர் நிறத்துக்கு லூகாஸ் குறியீடு. பழுப்பு என்றால் நேரே பேட்டரி, வெள்ளை இக்னிஷன், பச்சை இக்னிஷனுக்குப் பிறகு ஃப்யூஸ் வழியாக, நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங், கறுப்பு எர்த். எல்லாம் ஒரே சிவப்பானால் அடுத்த எலக்ட்ரீஷியன் ஒவ்வொரு வயராக இழுத்துப் பார்த்தே நாளைக் கழிப்பார். அந்தக் கூலியும் உங்கள் தலையில்தான்.

சரி, அந்த மூன்று குறைக்கும் உண்மைக் காரணம் என்ன? லைட் போட்ட நிலையில் பேட்டரியில் 12.6 வோல்ட், ஹெட்லைட் கனெக்டரில் 10.4. தொலைந்த 2.2இல் 0.9 எர்த் பக்கம். பெயின்ட் மேலேயே லக்கை (எர்த் வயர் முனையிலுள்ள வளையம்) முடுக்கியிருந்தார்கள். இரும்பு தெரியத் தேய்த்து, லக் மாட்டி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் அந்தப் பாதி முடிந்தது. மீதிக்கு இரண்டு 4-பின் ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு நிறுத்தும் ஸ்விட்ச்), ஹைக்கு ஒன்று, டிப்புக்கு ஒன்று. பேட்டரியிலிருந்து 15 ஆம்ப் ஃப்யூஸ் வழியாக 2.5 ஸ்கொயர் எம்எம் வயர் ரிலேயின் 30ஆம் எண் பின்னுக்கு, 87இலிருந்து பல்புக்கு, பழைய ஹெட்லைட் வயர் 86க்கு, 85 எர்த். இரண்டு 60 வாட் பல்புக்கு 10 ஆம்ப். அது இனி டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாகப் போகாது.

பேட்டரி இறங்கியது ஸ்டீரியோவால். அதன் சிவப்பு, மஞ்சள் இரண்டு வயரும் நேரே பேட்டரியில் இருந்தன. செட் தூங்கவே இல்லை. நெகட்டிவைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்ப் ரேஞ்சில் அந்த வயருக்கும் பேட்டரி முனைக்கும் இடையில் வைத்தால் 0.4 ஆம்ப். நாளுக்குக் கிட்டத்தட்ட 10 ஆம்ப்-அவர். (மீட்டர் இடையில் இருக்கும்போது ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள், மீட்டர் ஃப்யூஸ் போய்விடும்.) சிவப்பை இக்னிஷனுக்கு மாற்றினால் போதும். ஆல்டர்னேட்டருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பழசைத் திருப்பித் தரவும் இல்லை, அதனால் அது கெட்டிருந்ததா என்று யாரும் நிரூபிக்க முடியாது. ‘ஆல்டர்னேட்டர் போச்சு’ என்று யார் சொன்னாலும், எஞ்சினைக் கொஞ்சம் ரேஸ் செய்து பேட்டரி முனையில் அளக்கச் சொல்லுங்கள். 13.8 முதல் 14.4 வந்தால் அது வேலை செய்கிறது. வராவிட்டாலும் முதலில் சார்ஜ் வார்னிங் பல்பைப் பாருங்கள். பல ஆல்டர்னேட்டர்களில் உள்ளே காந்தம் உண்டாக்கும் ஃபீல்டு காயிலுக்கு முதல் கரண்ட் அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது.

இண்டிகேட்டர்? துருப்பிடித்த பல்பு ஹோல்டர். எமரி பேப்பரால் தேய்த்ததும் சரி.

மல்டிமீட்டரையும் சேர்த்து இவ்வளவுக்கும் ஆன பொருள் செலவு இரண்டாயிரத்துக்குள். எரிந்த பகுதிக்குப் புது வயர் இழுத்தது தனி.

வண்டியை விடும்போதே மூன்றைப் பில்லில் எழுதி வாங்குங்கள்: வயரின் ஸ்கொயர் எம்எம், செம்பு என்ற சொல், பழைய பாகம் திருப்பித் தரப்படும் என்ற வரி. டேப் சுற்றுவதற்கு முன் போட்டோ கேளுங்கள். எடுக்கும்போது எஞ்சினை ஓடவிட்டு ஹெட்லைட், வைப்பர், ஸ்டீரியோ எல்லாவற்றையும் கால்மணி நேரம் போட்டுவைத்து, ஃப்யூஸ் ஹோல்டரையும் டேஷ்போர்டுக்கு அடியிலுள்ள வயரையும் கையால் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு எங்காவது இருந்தால் பணத்தை எண்ணாதீர்கள்.