மகிளா ஹாட் ஞாயிறு சந்தை: இழப்பை எழுதும் நாவல்களைப் புரட்டிப் பார்த்து வாங்குங்கள்

டெல்லி தரியாகஞ்ச் நடைபாதையில் நடந்துவந்த ஞாயிறு புத்தகச் சந்தை 2019-இல் ஆசஃப் அலி சாலை மகிளா ஹாட் வளாகத்துக்குள் இடம் மாறியது. டெல்லி கேட் மெட்ரோவிலிருந்து நடந்தே போய்விடலாம். கரோல்பாக்கிலும் ஆர்.கே.புரத்திலும் இருக்கும் நம் தமிழர்கள் பழைய ஆங்கில நாவல் தேடினால் முதலில் இங்கேதான் போக வேண்டும்.

ஒரே சிக்கல், அசலும் திருட்டு அச்சும் ஒரே குவியலில் கிடக்கும். துப்பறியும் கதை என்றால் பெரிய நஷ்டமில்லை. போரையும் மரணத்தையும் மறதியையும் எழுதும் நாவலில் அப்படி விட முடியாது. அங்கே ஒரு வெற்று வரி என்பது பாத்திரம் பேச்சற்று நிற்கும் இடம், அல்லது காலம் மாறும் இடம்; அது அச்சில் விழுங்கப்பட்டால் காலம் பின்னால் போனதே தெரியாமல் படித்துக் குழம்புவோம்.

அமெரிக்க எழுத்தாளர் டோனி மாரிசனின் 'பிலவட்' (1987) கையில் கிடைத்தால் இரண்டாம் பாகத்துக்குப் போங்கள். இறந்த மகளின் குரல் முதலில் பேசும் அத்தியாயத்தில் தொடக்க வரிக்குப் பிறகு முற்றுப்புள்ளி இருக்காது, சொற்றொடர்களுக்கு நடுவே அகலமான இடைவெளிதான் இருக்கும். அதை அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள், ஆசிரியர் வேண்டுமென்றே செய்தது. அந்த இடைவெளி சுருங்கி வரிகள் ஒட்டியிருந்தால்தான் பிரதி கெட்டது. ஜெர்மன் எழுத்தாளர் செபால்டின் 'ஆஸ்டர்லிட்ஸ்' (2001) நாவலில் பத்திப் பிரிவு ஏறக்குறைய கிடையாது. கருப்பு வெள்ளைப் படங்கள் கதையோடு சேர்ந்தவை. பெற்றோரின் முகத்தையே மறந்துபோன ஒருவன் தேடும் கதையில் படம் கரிப்பூச்சாக இருந்தால் எதைப் படிப்பது? ஸ்கேன் செய்து அடித்த பிரதியில் சாம்பல் நிறம் அடிபட்டு இப்படித்தான் ஆகும். படங்கள் முழுக்கக் கரிப்பூச்சாக இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள்.

மற்றபடி வழக்கமான சோதனைகள். தாளை வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்க எழுத்து அப்படியே தெரிகிறதா, பின்னட்டையில் இருக்கும் ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண்ணும் உள்பக்க எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். புத்தகம் 16 அல்லது 32 பக்க ஃபாரங்களாக மடித்துச் சேர்க்கப்படுவதால், ஒன்று விடுபட்டால் பக்கங்கள் மொத்தமாகப் போகும்; சில சமயம் ஒரே ஃபாரம் இரண்டு முறை வரும். காலம் முன்பின்னாக நகரும் நாவலில் இது கடைசிவரை பிடிபடாமலே போகலாம். ஆகவே பக்க எண்களைக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போய்ச் சரிபாருங்கள்.

மழைக்காலத்தில் முதுகுப் பசையை மோந்து பாருங்கள், பூஞ்சை வீட்டு அலமாரிக்கும் பரவும்.

தமிழ் நாவல் எதிர்பார்த்துப் போகாதீர்கள். அதற்கு ஆர்.கே.புரம் தமிழ்ச் சங்க நூலகம்தான்.