மாஸ்டா ஆர்எக்ஸ்-7 டர்போ (1989): நாலு வருஷம் கராஜ்ல மல்லுக்கட்டின பிறகு எழுதற ரிவ்யூ

2020 மார்ச்ல, மெல்போர்ன்ல லாக்டவுன் போடறதுக்கு சரியா ஒரு வாரம் முன்னாடி இந்த வண்டி டோ டிரக்ல எங்க வீட்டு வாசல்ல வந்து இறங்குச்சு. ஜப்பான்ல ஓடிட்டு இங்க வந்த ஸ்போர்ட்ஸ் கார், எஃப்சி பாடி (ஆர்எக்ஸ்-7-ஓட ரெண்டாவது தலைமுறை), அதுல பின்னாடி வந்த சீரிஸ் 5, 13பிங்கற டர்போ ரோட்டரி இஞ்சின், அஞ்சு கியர் மேனுவல். வித்தவர் சொன்னது "ஓடும், ஆனா ஓட்டாதீங்க". அந்த ஒரு வரியிலயே நான் உஷாராயிருக்கணும், பாப்-அப் ஹெட்லைட் ரெண்டும் எந்திரிச்சு என்னைப் பார்த்ததும் விழுந்துட்டேன்.

மதுரைல இருக்கற அப்பாகிட்ட வீடியோ கால்ல காட்டினேன். ஆர்எக்ஸ்னு சொன்னதும் "யமஹா ஆர்எக்ஸ் 100-ஆப்பா, அதுக்கா டோ டிரக்கு?"ன்னாரு. அவர் இருபது வருஷம் அம்பாசடர் டாக்ஸி ஓட்டினவர். இது 1308 சிசிதான், ஆனா 205 குதிரைன்னு சொன்னேன், நம்பல. "நம்ம அம்பாசடரே 1489 சிசி தம்பி, உன்னை எவனோ நல்லா ஏமாத்திருக்கான்". பிஸ்டனே கிடையாதுப்பா, ஆட்டுக்கல்லுல குழவி சுத்துதுல்ல, அந்த மாதிரி முக்கோணமா ஒரு ரோட்டர், ஹவுசிங்ங்கற கூட்டுக்குள்ள உருண்டுட்டே சுத்தும், ரெண்டு ரோட்டர், ஒண்ணுக்கு 654 சிசின்னு விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு "அப்போ மாவு எந்தப் பக்கமா வரும்?"னு கேட்டாரு. எக்ஸாஸ்ட் பக்கம்தான் வரும்ப்பா, காசு மாவா அரைஞ்சு வரும்.

சரி விஷயத்துக்கு வர்றேன். ரோட்டரி வண்டின்னாலே எல்லாரும் அபெக்ஸ் சீல் (ரோட்டரோட மூலைகள்ல இருக்கற அடைப்புப் பட்டை) போயிடும், இஞ்சின் புட்டுக்கும்னு பயமுறுத்துவாங்க. பொய்யில்ல, போகும், எனக்கும் போச்சு. ஆனா இந்த நாலு வருஷத்துல என் உயிரை அதிகமா வாங்கினது இஞ்சின் கிடையாது, முப்பது வருஷம் சூட்டுல வெந்து கெடந்த ரப்பரும் பிளாஸ்டிக்கும்தான். டர்போ அந்தச் சின்ன இஞ்சினுக்குப் பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு இருக்கு, டர்போ காத்தைக் குளிர வைக்கற இன்டர்கூலர் தலைக்கு மேல உக்காந்திருக்கு, சூடு வெளிய போக வழியே இல்ல. இன்டேக் மேனிஃபோல்டைக் கழட்டி ஒரு வேக்கம் ஹோஸைத் தொட்டேன், முறுக்கு மாதிரி மடக்குனு ஒடிஞ்சு கையோட வந்துச்சு, அதுக்குப் பக்கத்துல இருந்ததைத் தொட்டா அதுவும். இன்ஜெக்டர் கனெக்டரோட பிளாஸ்டிக் கிளிப் எல்லாம் அப்பளம். எந்தக் குழாய் எங்க போகணும்னு போட்டோ எடுத்து, கலர் டேப் சுத்தி, மொத்தத்தையும் சிலிகான் ஹோஸா மாத்த எனக்கு மூணு வீக்எண்ட் ஆச்சு. பவருக்கு எதுவுமே பண்ணாம, இது ஒண்ணுலயே வண்டி பாதி சரியாயிடுச்சு, ஐடில் ஆடறது நின்னு போச்சு.

இதை வாங்கப் போறவங்க இதை மட்டுமாவது முதல் நாளே பாருங்க, இன்ஜெக்டருக்குப் பெட்ரோல் கொண்டு போற ஃப்யூயல் ரெயில்ல, பெட்ரோல் அழுத்தத்தோட துடிப்பை அடக்க, பல்சேஷன் டேம்பர்னு வட்டமா ஒண்ணு இருக்கும், உள்ள ஒரு டயஃப்ரம், வயசானா அது கிழிஞ்சு மேல் பக்கமா பெட்ரோல் கசியும், கசியறது சூடான இஞ்சின் மேல. எத்தனையோ எஃப்சி, அடுத்த தலைமுறை எஃப்டி தீப்பிடிச்சதுக்குக் காரணம் இந்த சின்ன சாமான்தான். என்னோடதுல விரலை வெச்சுப் பார்த்தா ஈரம், பெட்ரோல் வாசனை. அன்னிக்கே கழட்டிப் போட்டுட்டு, அதுக்குப் பதிலா பேன்ஜோ போல்ட்னு நடுவுல ஓட்டை இருக்கற போல்ட் மாட்டினேன். அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை ஸ்டார்ட் பண்ணிருக்கேன்னு நினைச்சா இன்னிக்கும் வயித்தைக் கலக்குது.

அடுத்த வருஷம் கம்ப்ரெஷன் டெஸ்ட், அதாவது இஞ்சினுக்குள்ள காத்து எவ்வளவு அழுத்தமா இறுகுதுன்னு பார்க்கறது. சாதாரண பிஸ்டன் மீட்டர் இதுக்கு ஆகாது, ஒரு ரோட்டருக்கு மூணு முகம், அந்த மீட்டர் மூணுல பெருசை மட்டும் காட்டிட்டு மத்ததை மறைச்சிடும். ரோட்டரிக்குன்னு தனி டெஸ்டர் வேணும். அது இல்லாட்டி ஒரு பிளக்கைக் கழட்டிட்டு கிராங்க் பண்ணிக் காதால கேளுங்க, ஃபுஸ் ஃபுஸ் ஃபுஸ்னு ஒரே சீரா வரணும். என்னோடது முன்னாடி ரோட்டர் சீரா வந்துச்சு, பின்னாடி ரோட்டர் ஃபுஸ்... ஹ்ம்... ஹ்ம்னு நொண்டிச்சு. டெஸ்டர் வெச்சுப் பார்த்தா ஒரு முகம் 95, மத்த ரெண்டும் 60 பக்கத்துல, 85 பிஎஸ்ஐக்கு கீழ போகக்கூடாதுன்னு மாஸ்டா மேனுவல்லயே போட்டிருக்கு. பக்கத்துப் பக்கத்து முகம் ரெண்டும் சேர்ந்து விழுந்தா நடுவுல இருக்கற அபெக்ஸ் சீல்தான் சந்தேகம், அந்த ஒரு சீல் ரெண்டு முகத்துக்கும் பொதுச்சுவர் மாதிரி.

இங்க ஒரு புலம்பல். இதுக்கு முன்னாடி ஒரு ஒர்க்ஷாப்ல காட்டி, காசு குடுத்து, "இஞ்சின் ஹெல்தி"ன்னு பேப்பர்ல எழுதி வாங்கிட்டு வந்திருந்தேன். எந்த மீட்டர்ல பார்த்தீங்கன்னு பிறகு போன் பண்ணிக் கேட்டா, எல்லா வண்டிக்கும் வைக்கறதுதான்னு சாவகாசமா பதில் வருது. பேர் போட விருப்பமில்ல, ஆனா ரோட்டரியே திறக்காத கடைல ரோட்டரியைக் காட்டாதீங்க.

இஞ்சினை நானும் நண்பனும் சேர்ந்து கிரேன் வாடகைக்கு எடுத்து இறக்கினோம். கைக்கு அடக்கமான இஞ்சின்தான், இறக்கறது கஷ்டமே இல்ல, ஃப்ளைவீல் நட்டுதான் 54 மில்லிமீட்டர், அதைக் கழட்ட ரெண்டு ஆளு, ஒரு நீளமான பைப்பு, அரை நாள். திறந்து சீல் மாத்தற வேலைய மட்டும் ரோட்டரியே தொழிலா வெச்சிருக்கற ஒரு பெரியவர்கிட்ட குடுத்தேன், இந்த சர்வீஸுக்கு அஞ்சுக்கு அஞ்சு. என்னைப் பக்கத்துல நிக்க வெச்சு, பின்னாடி ஹவுசிங்கை லைட்டுல சாய்ச்சுக் காட்டினாரு, உள் பக்கம் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய குரோம், ஓரத்துல சுண்ணாம்பு உதிர்ந்த சுவராட்டம் இருந்துச்சு. நகத்தால தடவச் சொன்னாரு, நகம் மாட்டுச்சு. "இதுல புது சீல் போட்டா ரெண்டு மாசம்தான்"னாரு. வேற ஹவுசிங் வாங்கினதுல பட்ஜெட் எகிறுச்சு, எவ்வளவுன்னு வீட்ல இன்னும் தெரியாது, அதனால இங்கயும் எழுதல.

நான் பண்ணின மடத்தனத்தையும் சொல்லணும்ல. இஞ்சின் மாட்டின மூணாவது வாரம், கராஜைக் கூட்டறதுக்காக வண்டிய ஸ்டார்ட் பண்ணி பத்தடி வெளிய நகர்த்தி ஆஃப் பண்ணிட்டேன். குளிர்ந்த ரோட்டரிய அப்படி அணைக்கவே கூடாது, உள்ள பெட்ரோல் வெள்ளமா நின்னுடும், சீல்ல ஒட்டியிருக்கற ஆயில் கழுவிட்டுப் போயிடும், அப்புறம் கம்ப்ரெஷனே வராது. ஃப்யூயலைக் கட் பண்ணி, பிளக் கழட்டி, கிராங்க் பண்ணி உள்ள இருந்த பெட்ரோலை வெளிய தள்ளி, ஓட்டைல துளி ஆயில் விட்டு, திரும்ப மாட்டி ஸ்டார்ட் பண்ணினா, நம்ம ஊர் கார்ப்பரேஷன் கொசு மருந்து வண்டி தோத்துச்சு, தெருவே தெரியல. எதிர் வீட்டு அம்மா துணிய எல்லாம் எடுத்துட்டு உள்ள போயிட்டாங்க. "ஏங்க, இதுக்குப் பேர்தான் ரெஸ்டோரேஷனா?"ன்னு வீட்ல ஒரே ஒரு கேள்வி.

ஓட்ட எப்படி இருக்குன்னா, வார்த்தை கிடைக்கல. இழுவை கீழ கம்மிதான், டர்போ பிடிச்சதும் ஒரு தள்ளு, அதுக்கப்புறம் ஆர்பிஎம் ஏறறதே தெரியாது, அவ்வளவு வழவழப்பு, அதனாலதான் ரெட்லைன் கிட்ட பீப்னு ஒரு சத்தம் வெச்சிருக்கான் போல, இல்லாட்டி நான் பாட்டுக்கு மிதிச்சுட்டே இருப்பேன். இஞ்சின் சின்னதா, பின்னாடி தள்ளி உக்காந்திருக்கறதால வளைவுல மூக்கு கனமே தெரியாது. பிரேக் ஓகே. ஏசி இன்னும் வேலை செய்யல, மெல்போர்ன் ஜனவரில அது ஒரு தண்டனை. பெட்ரோல் பத்திக் கேக்காதீங்க, 98 ஆக்டேன்தான் போடணும், 100 கிலோமீட்டருக்கு எனக்கு 16 லிட்டர் குடிக்குது, அது போக டேங்க்ல டூ-ஸ்ட்ரோக் ஆயில் வேற லிட்டருக்கு 8 மில்லி கலக்கறேன். இஞ்சின் ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமா உள்ள விடற பம்ப் வண்டிலயே இருக்கு, இருந்தாலும் எலக்ட்ரானிக் பம்ப், முப்பது வருஷப் பழசு, நம்பிக்கை வரல. பங்க்ல நின்னு அளந்து ஊத்தறப்போ டிவிஎஸ் 50-க்கு ஆயில் ஊத்திக் குலுக்குவாங்களே அந்த ஞாபகம்தான் வரும்.

வாங்கற ஐடியா இருந்தா இன்னொண்ணு, முதல் வேலையா பெரிய எக்ஸாஸ்ட் மாட்டாதீங்க, ப்ளீஸ். டர்போவோட அழுத்தத்தை, அதாவது பூஸ்ட்டை, அடக்கற வேஸ்ட்கேட்ங்கற கதவு இதுல சின்னது, எக்ஸாஸ்ட் ஃப்ரீயாச்சுன்னா பூஸ்ட் தானா ஏறிக்கிட்டே போகும், பெட்ரோல் பத்தாது, நாக் ஆகும் (பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கும்), புது அபெக்ஸ் சீல் துண்டு துண்டா டர்போ வழியா வெளிய போகும். கூலிங், ஃப்யூயல், ரப்பர், பிறகு இஞ்சின், கடைசியாதான் சத்தமும் பவரும். ரேடியேட்டருக்கும் வாட்டர் டெம்பரேச்சர் கேஜுக்கும் போட்ட காசுதான் நான் போட்டதுலயே உருப்படியான காசு, ஒரே ஒரு தடவை ஓவர்ஹீட் ஆனாலும் உள்ள கூலன்ட் சீல் போயிடும், திரும்பவும் கிரேன் வாடகை.

இப்ப பழைய வண்டிகளுக்குன்னு குடுக்கற கிளப் பர்மிட்ல வருஷம் 45 நாள் ஓட்டறேன், லாக்புக்ல தேதி எழுதிட்டுத்தான் வண்டிய எடுக்கணும், அதுவே போதும்னு தோணுது. அபெக்ஸ் சீல் சமாச்சாரத்துக்கு ஒரு ஸ்டார், ரப்பருக்கு ரெண்டு ஸ்டார் கழிச்சுட்டேன், அந்த பீப் சத்தத்துக்காக ஒண்ணு திரும்பக் குடுத்தாச்சு, ஆக அஞ்சுக்கு மூணு. போன மாசம் அப்பா இங்க வந்திருந்தப்போ பக்கத்துல உக்கார வெச்சு ஒரு ரவுண்டு போனேன், வீடு வர்ற வரைக்கும் வாயே திறக்கல, இறங்கும்போது பானட்டைத் தட்டிட்டு, "அம்பாசடர்ல ஏசியே கிடையாது, நாங்க ஓட்டலையா"ன்னாரு. ஆனாலும் கம்ப்ரெசரை இந்த லீவுல கழட்டத்தான் போறேன்.