மூன்று டயர்களின் உட்பக்கத்தில் இருந்த தேதி

கோயம்புத்தூரில் 2023 செப்டம்பரில், உயர்தரச் செயல்திறன் டயர்கள் என்று சொல்லி விற்கப்பட்ட நான்கு டயர்களுக்கு 74,000 ரூபாய் கொடுத்தேன். அவற்றில் மூன்று டயர்கள் ஐந்தாண்டுகளுக்கும் மேலாக எங்கோ ஒரு கிடங்கில் கிடந்தவை என்பது ஏழு வாரங்கள் கழித்துத்தான் தெரியவந்தது. வேகமான காருக்கு விலை உயர்ந்த டயர் வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், பணத்தைக் கொடுப்பதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

என்னுடையது 2020ஆம் ஆண்டின் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 245. இரண்டு லிட்டர் பெட்ரோல் எஞ்சினின் 245 குதிரைத்திறனும் 370 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் முன்சக்கரங்கள் இரண்டின் வழியாக மட்டுமே சாலையில் இறங்குகின்றன. டயர் அளவு 225/40 ஆர்18. அகலம் 225 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அதில் 40 விழுக்காடு, அதாவது வெறும் 90 மில்லிமீட்டர். 34,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு பழைய டயர்களின் மேற்பரப்புக் கோடுகளின் பள்ளம் இரண்டு மில்லிமீட்டருக்கு வந்துவிட்டது. சட்டப்படியான எல்லை 1.6 மில்லிமீட்டர் என்றாலும், வடகிழக்குப் பருவமழை தொடங்க ஒரு மாதமே இருந்த நிலையில் அந்த டயர்களோடு ஓட்ட எனக்கு மனம் வரவில்லை.

இதில் பாதி விலைக்கே டயர் கிடைக்கும்போது எதற்கு இவ்வளவு செலவு என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். வயதான என் பெற்றோரை மாதம் ஒருமுறை மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி மலைப்பாதை வழியாக அழைத்துச் செல்கிறேன். ஒரு டயர் சாலையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். நான்கு உள்ளங்கைகள் அளவுள்ள ரப்பரை நம்பித்தான் ஒன்றரை டன் எடை ஈரமான கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறது. செயல்திறன் டயர்களின் ரப்பர்க் கலவை மென்மையானது. அதில் சேர்க்கப்படும் சிலிக்கா, ஈரச் சாலையில் பிடிப்பைக் கூட்டுகிறது. அதற்குரிய இழப்புகளையும் நான் அறிந்தே இருந்தேன்: தேய்மானம் அதிகம், சாலை இரைச்சல் அதிகம், 90 மில்லிமீட்டர் பக்கச்சுவர் குழியில் அடிபட்டால் வீங்கிவிடும் வாய்ப்பும் உண்டு. அத்தனையையும் எடைபோட்ட பிறகே வாங்குவதென்று முடிவு செய்தேன். அந்த முடிவு தவறென்று இன்றும் நான் நினைக்கவில்லை. வாங்கிய இடமும் வாங்கிய முறையும்தான் தவறு.

நான் கேட்ட அளவு டயர் நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் அப்போது இருப்பில் இல்லை. மூன்று வாரம் ஆகும் என்றார்கள். 2020 ஜூனில் மத்திய அரசு கார் டயர் இறக்குமதியைத் தடையற்ற பட்டியலிலிருந்து கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு மாற்றி, உரிமம் பெற்றே கொண்டுவர வேண்டும் என்று ஆக்கிய பின், இங்கே தயாராகாத இத்தகைய அளவுகளுக்குக் காத்திருப்பது வழக்கமாகிவிட்டது. இந்தத் தட்டுப்பாடே பழைய சரக்கை வைத்திருப்பவர்களுக்கு வாய்ப்பாகிறது என்பதை அன்று நான் எண்ணிப்பார்க்கவில்லை. பல நிறுவனங்களின் டயர்களையும் விற்கும் ஒரு பெரிய கடையில் விசாரித்தபோது, "நாலும் இருக்குங்க, போன வாரம் வந்த புதுச் சரக்கு, இன்னைக்கே மாட்டிக்கலாம்" என்றார்கள். கடையின் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. அங்கே நடந்ததைத் தெரிந்துகொண்டால், எந்தக் கடையிலும் அதை அடையாளம் காணலாம்.

கார் லிஃப்டில் ஏறியதும் என்னைக் குளிர்சாதன அறையில் உட்காரச் சொன்னார்கள். வாடிக்கையாளர் வேலை நடக்கும் இடத்தில் நிற்பது பாதுகாப்பில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். வேலை முடிந்து கார் கீழே இறங்கிய பிறகு, தயாரிப்புத் தேதியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். மேலாளர் தயங்கவே இல்லை. இடது முன்சக்கரத்தின் அருகே அழைத்துப் போய்க் கைபேசி வெளிச்சத்தில் 1823 என்ற நான்கு எண்களைக் காட்டி, "பதினெட்டாவது வாரம், இருபத்து மூணு, அஞ்சு மாசம்கூட ஆகலைங்க சார்" என்றார். மற்ற மூன்றையும் கேட்டபோது, "எல்லாம் ஒரே லாட்டுங்க, இதுல தேதி உள்பக்கம் வரும், இப்பத் தெரியாது" என்றார். ஒன்றின் தேதி கண்ணுக்குத் தெரியும்போது மற்ற மூன்றின் தேதி மட்டும் ஏன் உள்ளே போயிற்று என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

பில்லிலும் தவறினேன். டயருக்கான ஜி.எஸ்.டி. அப்போது 28 விழுக்காடு. பில் இல்லாமல் என்றால் டயருக்கு 2,000 ரூபாய் குறையும் என்றார்கள். நான் மறுத்துப் பில் வேண்டும் என்றேன். கணினி வேலை செய்யவில்லை என்று கூறி ஒரு மதிப்பீட்டுச் சீட்டில் "225/40-18 டயர் 4" என்று மட்டும் எழுதிக் கொடுத்து, பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னார்கள். அது வரவே இல்லை. யு.பி.ஐ. மூலம் கடையின் கணக்கிற்குப் பணம் செலுத்தியிருந்ததுதான் பின்னால் என்னிடம் மிஞ்சிய ஒரே ஆவணம்.

புதிய டயரின் மேற்பரப்பில் அச்சிலிருந்து எடுப்பதற்காகத் தடவிய பூச்சின் மிச்சம் இருக்கும் என்பதால், முதல் சில நூறு கிலோமீட்டர்களுக்குப் பிடிப்பு சற்றுக் குறைவாக இருப்பது இயல்பு. அதனால் அவிநாசி சாலை சிக்னல்களில் கார் புறப்படும்போது முன்சக்கரம் சுழன்று, வழுக்கல் எச்சரிக்கை விளக்கு மின்னியதை முதலில் நான் பொருட்படுத்தவில்லை. ஆனால் 900 கிலோமீட்டர் கடந்த பிறகும் அது மாறவில்லை. அக்டோபர் இறுதியில் சேலம் நெடுஞ்சாலையில், பெருந்துறைக்கு அருகே, மெல்லிய மழையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் சென்றுகொண்டிருந்தபோது முன்னால் போன லாரி திடீரென நின்றது. நான் பிரேக்கை முழுதாக மிதித்தேன். பெடல் காலுக்கடியில் தொடர்ந்து அதிர்ந்தது. கார் நிற்பதற்கு மாறாக நழுவிக்கொண்டே போனது. இடப்பக்க ஓரத்தில் இடம் இருந்ததால் திருப்பிக்கொண்டேன். பின்னிருக்கையில் என் தாயார் இருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கோயம்புத்தூர் வரும்வரை முன்னிருக்கையின் முதுகைப் பிடித்தபடியே வந்தார்.

மறுநாள் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் காரைத் தூக்கி, சக்கரங்களைக் கழற்றித் தரையில் வைத்தார். இரண்டு டயர்களின் உட்பக்கத்தில் 2718 என்றும், ஒன்றில் 4117 என்றும் இருந்தன. அதாவது இரண்டு டயர்கள் 2018ஆம் ஆண்டின் 27ஆம் வாரத்திலும், மூன்றாவது 2017ஆம் ஆண்டின் 41ஆம் வாரத்திலும் தயாரானவை. முழுத் தேதிக்குறி டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கலாம் என்பதால், காரில் மாட்டிய பிறகு குனிந்து பார்த்தாலும் அது கண்ணில் படாது. இதைவிட மோசமானது நான்காவது டயரின் நிலை. இந்த வகை டயரில் வெளிப்புறமும் உட்புறமும் வெவ்வேறு கோடமைப்பு கொண்டவை. எந்தப் பக்கம் வெளியே இருக்க வேண்டும் என்பது பக்கச்சுவரிலேயே எழுதப்பட்டிருக்கும். எனக்குத் தேதி காட்டிய அந்த ஒரு டயரைத் திருப்பி மாட்டியிருந்தார்கள். உள்ளே இருக்க வேண்டிய பக்கம் வெளியே இருந்தது. அதனால்தான் தேதி கண்ணுக்குத் தெரிந்தது. திட்டமிட்டுச் செய்தார்களா, கவனக்குறைவா என்பதை என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த ஒன்றின் அருகேதான் மேலாளர் என்னை நேராக அழைத்துப் போனார்.

ஓடாத டயருக்கு வயதாகாது என்று கடைக்காரர்கள் சொல்வதை நம்பாதீர்கள். காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் வெப்பமும் ரப்பரைத் தொடர்ந்து மாற்றிக்கொண்டே இருக்கின்றன. மென்மைக்காகச் சேர்த்த எண்ணெய்கள் மெல்ல வெளியேற, ரப்பர் இறுகுகிறது. குளிர்ச்சியான, இருண்ட கிடங்கில் இது மிக மெதுவாக நடக்கும். தகரக்கூரையின் கீழ் கோடைகளைக் கழித்த டயருக்கு வேகமாக நடக்கும். பத்தாண்டு ஆன டயரைத் தேயாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும் என்று மிச்செலின், கான்டினென்டல் போன்ற நிறுவனங்களே அறிவுறுத்துகின்றன. முறையாகச் சேமித்த ஓராண்டு, ஈராண்டு டயரில் குறையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் மெக்கானிக்கிடம் ரப்பரின் கடினத்தை அளக்கும் சிறு கருவி இருந்தது. திருப்பி மாட்டிய புதிய டயர் 66 காட்டியது. மற்ற மூன்றும் 76க்கும் 79க்கும் இடையில் காட்டின. மென்மையான கலவைக்காகத்தான் கூடுதல் விலை கொடுத்தேன், அந்த மென்மையே அவற்றில் இல்லை.

கடைக்குச் சென்றபோது முதலில், "அது எங்க டயரே இல்லைங்க" என்றார்கள். பணம் செலுத்திய பதிவைக் காட்டியதும், "தேதி பெரிய விஷயமில்லை, திரெட் எட்டு எம்.எம். இருக்குது பாருங்க" என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்தேன். கடையிலிருந்து பதில் வரவில்லை. பின்னர் வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பினேன். அதில் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தை அணுகுவோம் என்று குறிப்பிட்ட பிறகே அவர்கள் பேச வந்தார்கள். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் அங்கே கட்டணம் எதுவும் கிடையாது, இரண்டாண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மூன்று மாத இழுபறிக்குப் பின் 35,000 ரூபாய் திரும்ப வந்தது.

இதற்கிடையில், முதலில் கேட்டபோதே காத்திருக்கச் சொன்ன அதே அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் காத்திருந்து அதே டயர்களை வாங்கினேன். இந்த முறை டயர்கள் அலாய் சக்கரத்தில் ஏறுவதற்கு முன்பே நான்கின் தேதியையும், 92 என்ற சுமைக்குறியையும், ஒய் என்ற வேகக்குறியையும், ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பார்த்துப் படமெடுத்துக்கொண்டேன். டயரின் முழுப் பெயரும் நான்கு தேதிக்குறிகளும் பில்லில் எழுதப்பட்ட பிறகே பணம் கொடுத்தேன். மாட்டும் இடத்தில் நிற்க அனுமதிக்காத கடையாக இருந்தால் திரும்பி வந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அவர்கள் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. 18 விழுக்காடாகக் குறைந்துவிட்டதால், பில் இல்லாமல் வாங்கி மிச்சம் பிடிப்பதில் இப்போது முன்பிருந்த பொருள்கூட இல்லை.

இனி, இந்த டயர்களுக்கு இவ்வளவு கொடுக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில். அதே கார், அதே மலைப்பாதை, அதே மழை. ஆனால் கோத்தகிரியிலிருந்து இறங்கும்போது வளைவுக்கு முன் பிரேக்கை அழுத்தினால் கார் சாலையைக் கவ்விக்கொண்டு நிற்கிறது. இவ்வளவு சக்தியுள்ள காரை மழையிலும் மலையிலும் ஓட்டுபவருக்கு இந்தச் செலவு தகும் என்பது என் உறுதியான கருத்து. அலுவலகத்திற்கும் வீட்டிற்குமாக நகருக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு, நல்ல நிறுவனத்தின் நடுத்தர விலை டயரே போதும். ஆறாண்டு பழைய உயர்தர டயரைவிட அண்மையில் தயாரான நடுத்தர டயர் ஈரச் சாலையில் பாதுகாப்பானது என்பதை நான் பெருந்துறையில் கண்டுகொண்டேன்.

அந்த 35,000 ரூபாயைத் திருப்பித் தரும்போது முதல் கடைக்காரர் மற்றொரு யோசனையும் சொன்னார்: அந்த மூன்று டயர்களையும் திருப்பிக் கொடுத்தால் மேலும் 12,000 ரூபாய் தருவதாக. 1,500 கிலோமீட்டர் மட்டுமே ஓடியவை என்பதால் அவற்றின் பள்ளம் ஏறக்குறைய முழுதாகவே இருந்தது. கறுப்புப் பூச்சு தடவினால் புதியவை போலத் தெரியும். நான் கொடுக்கவில்லை. மெக்கானிக்கின் பட்டறையில் மூன்றின் பக்கச்சுவர்களையும் வெட்டச் சொல்லி, வெட்டி முடியும்வரை அங்கேயே நின்றிருந்தேன்.