சுவரில் ஒட்டிய கால்குலஸ்

மகளுக்காக ஆன்லைனில் 280 ரூபாய்க்கு வாங்கிய கணித மேதை சோபியா கோவலெவ்ஸ்காயா வாழ்க்கை வரலாறு. அவள் தொடவில்லை, நான்தான் இரண்டே ராத்திரியில் முடித்தேன். ரஷ்யாவில் சிறுமி சோபியாவின் அறைக்குச் சுவர்த்தாள் போதாமல் கணிதப் பேராசிரியர் ஒஸ்ட்ரோகிராட்ஸ்கியின் கால்குலஸ் (நுண்கணிதம்) பாடக்குறிப்புகளை ஒட்டிவிடுகிறார்கள். புரியாத அந்தக் குறிகளையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கொடுத்த காசு இந்த அத்தியாயத்துக்கே சரியாகப் போயிற்று. வெளிநாடு போய்ப் படிக்கவென்றே பெயரளவுக்கு ஒரு கல்யாணம், பெர்லினில் கணித அறிஞர் வெயர்ஸ்ட்ராஸிடம் தனிப்பாடம், 1874இல் கோட்டிங்கன் டாக்டர் பட்டம். ஆனால் 1888இல் பாரிஸில் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் போர்டின் பரிசு வாங்கித் தந்த, திடப்பொருள் சுழல்வது பற்றிய ஆய்வுக்கு ஒன்றரைப் பக்கம்தான்! பரிசுத்தொகையையே 3,000 பிராங்கிலிருந்து 5,000 ஆக்க வைத்த வேலை அது. கணக்கு டியூஷன் எடுப்பவள் நான், கோபம் வராதா? அப்புறம், எழுத்து பொடிப்பொடி. ஐந்துக்கு நான்கு.