ஸ்பிரிங் பிரேக் முடிந்த திங்கட்கிழமை: வகுப்பறை செல்போனுக்கு எந்த ஏற்பாடு தாக்குப்பிடிக்கும்?

அமெரிக்கப் பள்ளிகளில் ஆண்டுத் தொடக்கமான ஆகஸ்டில் பாடுபட்டுப் பழக்கிய செல்போன் ஒழுங்கு, ஸ்பிரிங் பிரேக் என்ற வசந்த விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பும்போது பெரும்பாலும் கலைந்து போயிருக்கும். முன்னும் பின்னும் வரும் சனி ஞாயிறைச் சேர்த்தால் ஒன்பது நாள் விடுமுறை. அந்த ஒன்பது நாளும் போன் கையிலேயே இருந்திருக்கும், நள்ளிரவு தாண்டித்தான் தூக்கம் வந்திருக்கும். ஊருக்குப் போய் எடுத்த படங்கள், நண்பர்களுக்குள் மூண்ட சண்டைகள், பாதியில் நிற்கும் குரூப் சாட்கள் எல்லாம் அவர்களோடு சேர்ந்து முதல் பீரியடுக்குள் நுழைகின்றன. எதிரே இருப்பதோ ஆண்டின் கனமான பகுதி: மாநிலத் தேர்வுகள், மே மாதத்து ஏ.பி. தேர்வுகள் (ஹைஸ்கூலிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வுகள்), பட்டமளிப்பு.

அமெரிக்க ஹைஸ்கூல் ஆசிரியர்களில் 72 சதவீதம் பேர் செல்போன் கவனச்சிதறலை வகுப்பறையின் பெரிய பிரச்சினையாகக் கருதுவதாக பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட கணக்கெடுப்பு சொன்னது. பிள்ளைகளின் போன்களுக்கு ஒரு நாளைக்கு வரும் நோட்டிஃபிகேஷன்களின் இடைநிலை எண்ணிக்கை 237 என்று காமன் சென்ஸ் மீடியா என்ற தொண்டு அமைப்பு 2023-இல் கண்டது. அவற்றில் ஒரு பகுதி பள்ளி நேரத்திலேயே வந்து விழுகிறது. போன் வைத்திருக்கும் பிள்ளைக்கு மன உறுதி போதவில்லை என்று பேசிக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நாள் முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் கருவியை ஒதுக்கிவைக்கும் வேலையைப் பதினைந்து வயதுப் பிள்ளையின் தலையில் மட்டும் கட்டக் கூடாது. அதற்குப் பெரியவர்கள் ஓர் ஏற்பாடு செய்து தர வேண்டும்.

எந்த ஏற்பாடு என்பதுதான் கேள்வி. பள்ளிகளில் இன்று புழங்குபவை நான்கு: போனை அணைத்துத் தோள்பையில் போடச் சொல்லும் விதி, வகுப்பறைச் சுவரில் தொங்கும் எண் போட்ட உறைகள், காந்தப் பூட்டு வைத்த பவுச், காலை மணி முதல் மாலை மணி வரை போனை லாக்கரிலோ அலுவலகத்திலோ வாங்கி வைப்பது. 'ஆசிரியர் விருப்பம்போல்' என்று ஐந்தாவதும் ஒன்று உண்டு. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு வகுப்பில் அனுமதி, அடுத்த வகுப்பில் தண்டனை என்றிருந்தால் பிள்ளைகள் கற்றுக்கொள்வது எந்த ஆசிரியர் இளகியவர் என்பதை மட்டும்தான்.

நான்கையும் ஒரே அளவுகோலில் நிறுத்தலாம். விதி மீறப்படும்போது மல்லுக்கு நிற்பது யார்? ஆசிரியரா, சுவரில் தொங்கும் உறையா, பள்ளி நிர்வாகமா? செலவு, பாதுகாப்பு, பெற்றோர் ஒப்புதல் எல்லாம் முக்கியம்தான். ஆனாலும் ஏப்ரலில் ஓர் ஏற்பாடு நிற்பதும் சரிவதும் பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் முடிவாகிறது.

தோள்பை விதி

செலவு கிடையாது, போன் தொலைந்தால் பள்ளிக்குப் பொறுப்பு கிடையாது, பெற்றோருக்கு ஆட்சேபம் கிடையாது. அதனால்தான் இத்தனை பள்ளிகள் இதோடு நிறுத்திக்கொள்கின்றன. மல்லுக்கு நிற்பது முழுக்க ஆசிரியர். பாடத்தை நிறுத்தி, "உள்ளே வை" என்று சொல்லி, "நேரம்தான் பார்த்தேன்" என்ற பதிலைக் கேட்டு, திரும்பவும் பாடத்துக்கு வர வேண்டும். ஒரு பீரியடில் இது நாலைந்து முறை நடந்தால் அந்தப் பீரியடே போயிற்று. செப்டம்பரில் இந்த விதி ஓரளவு நிற்கும். விடுமுறை முடிந்த வாரத்தில் நிற்காது, ஏனென்றால் பழக்கம் மட்டுமே அதைத் தாங்கிக்கொண்டிருந்தது.

ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் ஏறத்தாழ 800 பேரிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். போனை வேறு அறையில் விட்டு வந்தவர்கள், மேசைமேல் வைத்திருந்தவர்களைவிடக் கவனம் தேவைப்படும் பணிகளைச் சிறப்பாகச் செய்தார்கள். போன் சத்தம் போடாமல் கிடந்தபோதும் வேறுபாடு இருந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் அதே அளவு விளைவு கிடைக்கவில்லை. ஆகவே இதைக் கல்லில் செதுக்கிய உண்மையாகச் சொல்ல மாட்டேன். இருந்தாலும் காலடியில் கிடக்கும் பைக்குள் போன் அதிரும்போது பிள்ளையின் முகம் மாறுவதைப் பார்த்த ஆசிரியருக்கு ஆய்வு தேவைப்படாது.

சுவர் உறை

ஷூ வைக்கும் தொங்கு உறைபோல ஒன்று. ஒவ்வோர் உறையிலும் ஓர் எண், அது வருகைப் பதிவேட்டில் அந்த மாணவரின் எண். உள்ளே வரும்போதே போனை வைத்துவிட்டுப் போய் உட்கார வேண்டும். ஆசிரியர் சுவரைப் பார்த்தே வருகை எடுக்கலாம். உறை காலியாக இருந்தால் மாணவர் வரவில்லை, அல்லது போன் அவரிடம் இருக்கிறது. இரண்டையும் அந்த இடத்திலேயே தீர்த்துவிடலாம். இந்த எளிமைதான் இதன் பலம். வாக்குவாதம் ஒன்று வந்தாலும் பீரியடின் முதல் நிமிடத்தில் வந்து முடிந்துவிடுகிறது, பாடத்தின் நடுவில் வருவதில்லை.

இன்னொரு பயனும் இருக்கிறது, இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. கழிப்பறைக்குப் போகும் மாணவரின் போன் சுவரிலேயே இருக்கும். பதினைந்து நிமிடம் நீளும் கழிப்பறைப் பயணங்கள் தாமாகவே சுருங்கும்.

குறைகளும் உண்டு. பழைய, உயிரில்லாத போனை உறையில் வைத்துவிட்டு நிஜப் போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. மணி அடிக்கும்போது முப்பது பேர் ஒரே சுவரை நோக்கிப் பாய்வார்கள், அதனால் வரிசை வரிசையாக அனுப்ப வேண்டும். மாற்று ஆசிரியர் வரும் நாளில் உறைகள் காலியாகவே தொங்கும். பெரிய குறை, வகுப்புக்கு வெளியே இது எதுவும் செய்யாது. மதிய உணவு மேசையில் எட்டுப் பேர் எட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார்கள்.

காந்தப் பவுச்

2014-இல் தொடங்கிய யாண்டர் நிறுவனத்தின் பவுச் முதலில் பெயர்பெற்றது இசைக் கச்சேரிகளிலும் நகைச்சுவை மேடைகளிலும்தான். பிறகு பள்ளிகளுக்கு வந்தது. காலையில் போனைப் பவுச்சுக்குள் போட்டுப் பூட்டி மாணவரே வைத்துக்கொள்வார். மாலையில் வாசலில் இருக்கும் காந்தத்தில் வைத்தால் திறக்கும். மாணவர் ஒருவருக்கு 25 முதல் 30 டாலர் வரை ஆகிறது. ஆயிரம் பேர் படிக்கும் பள்ளிக்கு 25,000 டாலருக்குக் குறையாது.

போன் பிள்ளையின் கையிலேயே இருப்பதால் தொலையும் பயம் இல்லை. நடைவழி, மதிய உணவு எல்லாவற்றையும் உள்ளடக்குகிறது. மேசையில் ஓங்கி அடித்துத் திறப்பது, இணையத்தில் காந்தம் வாங்குவது, உள்ளே வேறு போனைப் போட்டுக் காட்டுவது என்று குறுக்குவழிகளும் உண்டு. காலை வாசலில் ஆட்கள் நின்று ஒவ்வொரு பவுச்சையும் சரிபார்க்கும் பள்ளியில் இது வேலை செய்யும், அப்படி நிற்காத பள்ளியில் விலை உயர்ந்த பென்சில் பையாகிவிடும். ஸ்பிரிங் பிரேக்குக்குப் பிறகு இதற்கென்றே ஒரு தனிச் சிக்கல் வரும்: பவுச்சை வீட்டில் மறந்துவிட்டு வருவோர் கூட்டம். அந்தத் திங்கட்கிழமைக்கென உபரிப் பவுச்களோ பெயர் எழுதிய கவர்களோ வாசலில் தயாராக இல்லையென்றால் முதல் மணி நேரத்திலேயே ஏற்பாடு ஓட்டையாகிவிடும்.

மணி முதல் மணி வரை

சட்டங்கள் போகும் திசை இதுதான். ஃபுளோரிடா 2023-இல் பாட நேரத்தில் போனைத் தடைசெய்தது. 2025-இல் தொடக்க, மிடில் ஸ்கூல்களுக்கு நாள் முழுவதுமாக அதை விரித்தது. லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளி மாவட்டத்தில் தடை 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. நியூயார்க் மாநிலம் 2025 செப்டம்பரில் தொடங்கியது. கலிஃபோர்னியாவின் சட்டம், பள்ளி மாவட்டங்கள் தங்கள் விதியை வகுக்க 2026 ஜூலை 1-ஐக் கெடுவாக வைத்தது.

இந்த ஏற்பாட்டில் மல்லுக்கு நிற்பது பள்ளி. ஆசிரியர் பாடம் நடத்தலாம். நான்கிலும் கொள்கையளவில் எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் பொறுப்பு யாருடையது என்பதை நியூயார்க் நகரத்தின் பழைய கதை நினைவூட்டுகிறது. அங்கே 2015 வரை அரசுப் பள்ளிகளில் போனுக்குத் தடை இருந்தது. மெட்டல் டிடெக்டர் வைத்திருந்த பள்ளிகளில்தான் அது கண்டிப்பாக நடந்தது. அந்தப் பள்ளிகளின் பிள்ளைகள் வெளியே நிற்கும் வேன்களிலும் கடைகளிலும் நாளைக்கு ஒரு டாலர் கொடுத்துப் போனை ஒப்படைத்துவிட்டு உள்ளே போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஏழை வீட்டுப் பிள்ளைகள். வாங்கி வைக்க இடம் தராமல் 'கொண்டுவராதே' என்று மட்டும் சொன்னால் சுமை எங்கே போய் இறங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். இப்போதைய நியூயார்க் சட்டம், போனைப் பயன்படுத்திய ஒரே காரணத்துக்காக மாணவரைப் பள்ளியிலிருந்து இடைநீக்கம் செய்வதைத் தடுக்கிறது. அது நல்ல திருத்தம்.

பலன் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் விளம்பரப்படுத்தும் அளவுக்கு இல்லை. இங்கிலாந்துப் பள்ளிகளை வைத்து லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், தடைக்குப் பிறகு மதிப்பெண் கூடியது, அதிலும் பின்தங்கிய மாணவர்களுக்கே பெரும் பலன். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளிடம் பெரிய மாற்றம் இல்லை. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகம் 30 பள்ளிகளில் செய்து 2025-இல் வெளியிட்ட ஆய்வில், போனைக் கட்டுப்படுத்திய பள்ளிகளுக்கும் கட்டுப்படுத்தாத பள்ளிகளுக்கும் மாணவரின் மனநலத்தில் வேறுபாடு தெரியவில்லை. பள்ளியில் பிடித்துவைத்ததை வீட்டில் அவிழ்த்துவிட்டால் வேறென்ன கிடைக்கும்?

ஏப்ரலில் முடிவெடுப்பவருக்கு மிக முக்கியமானது ஃபுளோரிடா தரவை வைத்து 2025-இல் வந்த ஆய்வு. தடை வந்த முதல் ஆண்டில் இடைநீக்கங்கள் கூடின, கறுப்பின மாணவர்களிடையே கூடுதலாக. இரண்டாம் ஆண்டில்தான் மதிப்பெண் உயர்ந்தது, தண்டனைகளும் தணிந்தன. அதாவது கடும் ஏற்பாட்டுக்கு ஒரு தொடக்க விலை இருக்கிறது, பலன் பிறகுதான் வருகிறது. ஆண்டு முடிய எட்டு வாரமோ பத்து வாரமோ இருக்கும்போது புதிதாக நாள் முழுத் தடையைக் கொண்டுவரும் பள்ளி அந்த விலையை மட்டும் கட்டிவிட்டு, பலனைப் பார்க்காமலே ஜூனில் கலைந்துவிடும். ஆகஸ்டில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எனவே ஏற்கெனவே நாள் முழுத் தடை இருக்கும் பள்ளி அதையே முறுக்கிப் பிடிக்கட்டும். தோள்பை விதியோடு தத்தளிக்கும் பள்ளிகளுக்கு இந்த ஆண்டின் மிச்சத்துக்கு ஏற்றது சுவர் உறை. ஓர் ஆசிரியர் தனியாகவே தொடங்கலாம், ஒரு தளத்து ஆசிரியர்கள் சேர்ந்து தொடங்கினால் இன்னும் நல்லது. ஏ.பி. தேர்வறைக்குள் போன் கூடாது, உள்ளே அது ஒலித்தால் மதிப்பெண்ணே ரத்தாகலாம். மேயில் போனைப் பிரிந்து மூன்று மணி நேரம் உட்கார வேண்டிய பிள்ளைக்கு ஏப்ரல் முழுக்கப் பழகக் கிடைப்பது சிறிய உதவி அல்ல.

பெற்றோரின் பயம்

இதை ஒதுக்கிவிட்டுப் பேசும் எந்த ஒப்பீடும் நேர்மையானதல்ல. 2022-இல் டெக்சாஸின் யுவால்டியில் பள்ளித் துப்பாக்கிச் சூட்டின்போது வகுப்பறைக்குள்ளிருந்து பிள்ளைகள் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்தார்கள். 2024 செப்டம்பரில் ஜார்ஜியா மாநிலத்தின் அப்பலாச்சி ஹைஸ்கூலில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது பிள்ளைகள் பெற்றோருக்கு மெசேஜ் அனுப்பினார்கள். அந்த மெசேஜைப் படித்த அம்மாவிடம் போய்க் கவனச்சிதறல் பற்றிப் பேச முடியாது. பள்ளிப் பாதுகாப்பு வல்லுநர்கள் வேறொன்றைச் சொல்கிறார்கள். ஒளிந்திருக்கும் அறையில் போன் ஒலித்தால் இடம் தெரிந்துவிடும், திரையைப் பார்க்கும் பிள்ளை ஆசிரியர் சொல்வதைக் கவனிக்காது, பதறி ஓடிவரும் பெற்றோரின் கார்கள் ஆம்புலன்ஸின் வழியை அடைக்கும். இரண்டும் உண்மை. இந்த இழுபறியில் சுவர் உறைக்கு ஒரு சாதகம் இருக்கிறது: போன் அதே அறையில், எட்டும் தூரத்தில் இருக்கிறது. பவுச்சைக் கத்தரியால் வெட்டித் திறக்கலாம். அலுவலகத்தில் பூட்டிய போன்தான் மிகத் தொலைவு. அதைத் தேர்ந்தெடுக்கும் பள்ளி, பெற்றோருக்கு உடனே தகவல் போகும் வழியை முதலில் காட்டியாக வேண்டும். சாதாரண நாளில் பிள்ளைக்குச் செய்தி சொல்ல அலுவலகத் தொலைபேசி போதும். வகுப்பு நேரத்தில் பிள்ளையின் போனுக்கு வரும் மெசேஜ்களில் வீட்டிலிருந்து போவதும் உண்டு, அதைப் பெற்றோராகிய நாம் நிறுத்திக்கொள்ளலாம்.

சர்க்கரை அளவைக் கண்காணிக்கும் சென்சார் அணிந்த பிள்ளைக்கு, அந்த அளவைக் காட்டும் போன் மருத்துவக் கருவி. உடல்நலக் குறையோ மாற்றுத்திறனோ உள்ள பிள்ளைகளுக்காகப் பள்ளி எழுதித்தரும் 504 திட்டத்திலோ ஐ.இ.பி. என்ற தனிக் கல்வித் திட்டத்திலோ எழுதப்பட்ட விலக்குகளை எந்த ஏற்பாடும் தொடக் கூடாது. அந்தப் பெயர்கள் திங்கட்கிழமைக்கு முன்பே எல்லா ஆசிரியர் கையிலும், மாற்று ஆசிரியருக்கான கோப்பிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை முப்பது பேர் முன்னால் தன் நோயை விளக்கிக்கொண்டு நிற்கும்.

முதல் வாரம்

ஆகஸ்டில் சொன்னதுபோலவே திரும்பவும் சொல்லிக் கொடுக்க வேண்டும். விடுமுறை முடிவதற்குள்ளேயே வீட்டுக்கு ஒரு சிறு கடிதம், திங்கட்கிழமை ஒவ்வொரு பீரியடிலும் ஐந்து நிமிட ஒத்திகை. ஸ்மார்ட் வாட்ச்சும் இயர்பட்ஸும் போனோடு சேர்த்தி என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். போன் போனதும் அரட்டை பள்ளி மடிக்கணினியான குரோம்புக்கின் பகிர்ந்த டாக்குமென்டுக்குக் குடிபெயரும், அதையும் எதிர்பார்க்கலாம். கையிலிருந்து பிடுங்கவே கூடாது. உடைந்தாலும் சச்சரவு, உடையாவிட்டாலும் சச்சரவு. மறுக்கும் மாணவரிடம் ஒரு முறை தணிந்த குரலில் சொல்லி, அடுத்ததை நிர்வாகத்திடம் விட வேண்டும். நிர்வாகம் அதை ஏற்று நடத்தாவிட்டால் ஆசிரியர் உறையைக் கழற்றுவதே மேல்.

ஆகஸ்டுக்கு என்ன வாங்குவது என்ற முடிவை மே மாதத்துக்குள் எடுத்தால்தான் பட்ஜெட்டில் இடம் கிடைக்கும். மிடில் ஸ்கூலுக்கு லாக்கர் போதும் என்பது என் கருத்து. புதிதாக எதையும் வாங்க வேண்டாம். ஹைஸ்கூலுக்குப் பவுச்சைப் பரிந்துரைப்பேன், காலை வாசலில் நிற்கப்போகிறவர்கள் யார் யார் என்ற பட்டியல் தயாராக இருந்தால் மட்டும்.