வெட்டுத்துணித் தையல்: துவைத்துத் துவைத்துப் பார்த்தபின் எழுதுவது

"மீதித் துணியில் பத்தே நிமிடத்தில் பை" என்று வரும் வீடியோக்களில் எல்லாமே தைத்து முடித்த அன்றைக்கு எடுத்த படம்தான். அந்தப் பை ஆறு மாதம் அரிசியும் வெங்காயமும் சுமந்தபிறகு என்ன ஆனது, காது பிய்ந்ததா, சாயம் போனதா என்று யாரும் காட்டுவதில்லை. நான் அதை மட்டும்தான் எழுதப்போகிறேன். வீட்டில் இருப்பது மோட்டார் மாட்டிய பழைய மிதி மெஷின் ஒன்று. துணிக்குப் பக்கத்துத் தெரு தையல்கடை, பீரோவில் கிடக்கும் பழைய சேலை, கால் முட்டி கிழிந்த ஜீன்ஸ். இவற்றை வைத்துச் சில வருடங்களாகத் தைத்துக்கொண்டிருக்கிறேன், தையல் வகுப்புக்கெல்லாம் போனதில்லை.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். புதிதாகத் தைக்க ஆரம்பிப்பவர்கள் எல்லோரும் தையல் கோணலாகப் போகிறதே என்றுதான் கவலைப்படுகிறார்கள். கோணல் தையல் போட்ட பிடிதுணி (சூடான பாத்திரத்தைப் பிடித்துத் தூக்கும் துணி) எங்கள் அடுப்படியில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது. நேர்த்தியாகத் தைத்த பல பொருட்கள் ஒன்றிரண்டு சலவையிலேயே போய்விட்டன, காரணம் துணி. வெட்டுத்துணி வேலையில் பாதி வேலை தைப்பது இல்லை, பிரிப்பதுதான்.

தையல்கடையில் கேட்டால் மூட்டையாகக் கொடுப்பார்கள். "எடுத்துட்டுப் போங்கக்கா, கூட்டி அள்ற வேலை மிச்சம்" என்பார் எங்கள் தெரு டெய்லர். மதுரைக்காரர்களுக்குத் தெரியும், திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில் தூணுக்குத் தூண் தையல்காரர்கள் உட்கார்ந்திருந்த காலத்தில் வெட்டுத்துணிக்குப் பஞ்சமே கிடையாது, இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. திருப்பூர்ப் பக்கம் என்றால் பனியன் வேஸ்ட் கிலோ கணக்கில் கிடைக்கும், ஆனால் அது வேறு சமாச்சாரம், பிறகு வருகிறேன்.

மூட்டையைக் கொட்டினால் ரவிக்கைத் துணி, லைனிங், சுடிதார் கிரேப், ஜார்ஜெட், கொஞ்சம் பட்டு, நெட் என்று எல்லாம் கலந்து கிடக்கும். தொட்டுப் பார்த்துக் காட்டனா பாலியஸ்டரா என்று சொல்ல எல்லாருக்கும் வராது. ஒரு இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேல் கொளுத்திப் பார்த்தால் போதும். காட்டன் காகிதம் மாதிரி எரிந்து பொடிச் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கடைசியில் கெட்டியான மணியாக நிற்கும். கலப்புத் துணி என்றால் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். இதைத் தெரிந்துகொள்ளாமல் சூடான இஸ்திரிப்பெட்டியை வைத்தால் துணி அடியில் ஒட்டிக்கொள்ளும், பெட்டியைச் சுத்தம் செய்வதற்கே ஒரு சாயங்காலம் போய்விடும்.

நான் மூன்று குவியலாகப் பிரிக்கிறேன்: கெட்டிக் காட்டன், மெல்லிய காட்டன், மற்றதெல்லாம். கெட்டிக் காட்டனில் பை, பிடிதுணி. மெல்லியதில் சுருக்குப்பை, தலையணை உறை, உள் லைனிங். மற்றதில் முடிக்குப் போடும் ஸ்க்ரஞ்சி, அவ்வளவுதான்.

தைப்பதற்கு முன் காட்டன் துண்டுகளைத் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போடுவது கட்டாயம். சோம்பலாகத்தான் இருக்கும். ஆனால் காட்டன் முதல் சலவையில் சுருங்கும், அதுவும் ஒவ்வொரு துணியும் ஒவ்வொரு அளவுக்குச் சுருங்கும். நனைக்காத இரண்டு துணியைச் சேர்த்துத் தைத்தால் துவைத்தபின் ஒன்று இழுத்துக்கொள்ளும், இன்னொன்று உப்பி நிற்கும். சுங்குடி என்றால் கூடுதல் ஜாக்கிரதை. அடர் சிவப்பு, பச்சை எல்லாம் முதல் சில தண்ணீருக்குச் சாயம் விடும். உப்புத் தண்ணீரில் போட்டால் நின்றுவிடும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள், நானும் போடுகிறேன், ஆனால் அதை நம்பி வெள்ளைத் துணியோடு சேர்த்துத் தைக்கமாட்டேன். ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பார்த்து, கறை படியவில்லை என்றால்தான் தைக்க எடுப்பது.

மெஷின் பற்றிக் கொஞ்சம். ஸ்டேப்ளர் மாதிரி கையில் பிடித்து அழுத்தும் சின்ன மெஷின் ஆன்லைனில் மலிவாக வருகிறதே, அதை வாங்காதீர்கள். அதில் அடிநூல் சுற்றிவைக்கும் பாபின் கிடையாது, ஒற்றை நூலில் சங்கிலித் தையல் விழும், நுனி முடிச்சு அவிழ்ந்து ஒரு இழுப்பு இழுத்தால் மொத்தமும் வந்துவிடும். அதற்கு ஒரு ஊசியும் நூல்கண்டும் எவ்வளவோ மேல். கையாலேயே பின்தையல் (ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைக் கொஞ்சம் பின்னால் குத்தி முன்னால் எடுப்பது) போட்ட சுருக்குப்பை என்னிடம் இருக்கிறது, மெஷின் தையலுக்குச் சளைத்ததில்லை. பழைய மிதி மெஷின் கிடைத்தால் விடாதீர்கள், நேர்த்தையல் மட்டும்தான் வரும் என்றாலும் ஜீன்ஸ் நாலு மடிப்பைப் பொறுமையாக, கையால் சக்கரத்தைத் தள்ளித் தள்ளித் தைத்தால் தாங்கும். மேசை மேல் வைக்கும் கரண்ட் மெஷினில் வளைந்து வளைந்து போகும் ஜிக்ஜாக் தையல் இருக்கும், ஓரம் பிரியாமல் அடிக்க அது வசதி.

எல்லாருக்கும் வரும் ஒரு தொல்லை, துணிக்கு அடியில் நூல் கூடு கட்டிக்கொள்வது. உடனே பாபினைக் கழற்றி மாட்டி, பாபின் கேஸ் திருகைத் திருகிக் கெடுப்பார்கள். அடியில் சிக்கல் என்றால் பெரும்பாலும் கோளாறு மேல்நூலில். மேல்நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே உட்காரவில்லை என்று அர்த்தம். துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் காலைத் தூக்கிவிட்டுத்தான் நூல் கோர்க்க வேண்டும், கால் இறங்கியிருந்தால் அந்தத் தட்டுகள் மூடியிருக்கும், நூல் உள்ளே போகாது. நூலை மொத்தமாக உருவி, காலைத் தூக்கி, மறுபடி கோர்த்தால் பாதிக்கு மேற்பட்ட மெஷின் 'ரிப்பேர்' அங்கேயே தீர்ந்துவிடும். அப்புறம் ஊசி. ரவிக்கை லைனிங் போன்ற மெல்லிசுக்கு 11, சாதாரணக் காட்டனுக்கு 14, ஜீன்ஸுக்கு 16. மழுங்கிய ஊசி துணியில் 'டக் டக்' என்று சத்தம் போட்டுக்கொண்டே இறங்கும், சத்தம் கேட்டதும் மாற்றிவிடுங்கள், ஊசி விலை ஒன்றும் பெரிதில்லை.

இனி பொருட்கள்.

ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்வது சுருக்குப்பைதான். பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த அதே பை. 8 அங்குல அகலம், 10 அங்குல உயரத்தில் இரண்டு துண்டு. நல்ல பக்கங்கள் உள்ளே பார்க்க வைத்து, மேலிருந்து இரண்டரை அங்குலம் விட்டுவிட்டு இரண்டு பக்கமும் அடியும் அரை அங்குலம் உள்ளே தள்ளித் தைக்க வேண்டும். தைக்காமல் விட்ட பக்க ஓரங்களை உள்ளே மடித்து அடித்துவிட்டு, மேல் விளிம்பை முதலில் அரை அங்குலம், பிறகு ஒரு அங்குலம் மடித்து, மடிப்பின் கீழ் ஓரத்தில் ஒரு தையல். இரண்டு பக்கமும் நாடா போகும் வழி தயார். நாடாவை ஊக்கில் மாட்டி ஒரு சுற்று கோர்த்து எடுங்கள், இரண்டாவது நாடாவை எதிர்ப்பக்கத்திலிருந்து கோர்த்தால் இரண்டையும் இழுக்கும்போது வாய் கச்சிதமாக மூடும். இந்த ஒரு பையில் நேர்த்தையல், திருப்பம், மடிப்பு, நாடா என்று தேவையான எல்லாம் கையில் படிந்துவிடும். எங்கள் வீட்டில் சில்லறை, மாத்திரை அட்டை, சார்ஜர் ஒயர், பேருந்துப் பயணத்தில் காதணி, எல்லாம் இதில்தான். எத்தனை துவைத்தும் பை கெடவில்லை, முதலில் போவது நாடாதான். சாட்டின் ரிப்பன் வழுக்கும், கட்டு நிற்காது. பாவாடை நாடா போடுங்கள்.

அடுத்தது மார்க்கெட் பை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைக்குத் தடை, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் என்று வந்தபிறகு துணிப்பை இல்லாத வீடு குறைவு. ஜவுளிக்கடைக் கட்டைப்பை வேறு குவிந்து கிடக்கிறது. பிறகு எதற்குத் தைக்க வேண்டும் என்றால், காதுதான் காரணம். இனாமாக வரும் பைகளில் காது ஒரே ஒரு கோட்டுத் தையலில் நிற்கும், அரைப்படி வெங்காயத்துக்கே வாயைப் பிளக்கும். வீட்டில் தைக்கும்போது 4 அங்குல அகலப் பட்டையை நாலாக மடித்து ஒரு அங்குலக் காது, பைக்குள் ஒன்றரை அங்குலமாவது இறக்கி, சதுரமாக ஒரு தையல், அதற்குள் பெருக்கல் குறி போட்டு இன்னொரு தையல். என் ஜீன்ஸ் பையில் இந்தக் காது இன்றுவரை அசையவில்லை. அடி மூலைகளை முக்கோணமாக இழுத்து குறுக்கே ஒரு தையல் போட்டால் பைக்கு அகலமான அடி கிடைக்கும், தேங்காய் உருளாமல் உட்காரும். குறை என்று சொன்னால் ஜீன்ஸ் பை வெறும் பையாகவே கனமானது, மழைக்காலத்தில் துவைத்தால் காய்வதற்குள் புளித்த வாடை வந்துவிடும். காடாத் துணியில் தைத்த பை அவ்வளவு கெட்டி இல்லை, ஆனால் ஒரே வெயிலில் காய்ந்து மடித்துக் கைப்பைக்குள் போய்விடும். தினமும் கையில் எடுப்பது அதைத்தான்.

பிடிதுணிதான் வீட்டில் நிஜமாகவே பேர் வாங்கிக்கொடுத்த பொருள். 7 அங்குலச் சதுரம், வெளியே கெட்டிக் காட்டன், உள்ளே பழைய டர்க்கி டவல் இரண்டு மூன்று மடிப்பு, நடுவில் குறுக்கும் நெடுக்குமாகச் சில தையல், சுற்றிலும் கிராஸ் பட்டி (துணியைச் சாய்வாக வெட்டி ஓரத்தில் மடித்துத் தைக்கும் பட்டை). இதில் ஒரு இழை கூட பாலியஸ்டர் வேண்டாம், அழகுக்காகக் கூட வேண்டாம், சூட்டில் உருகிக் கையில் ஒட்டும். கடையில் விற்கும் பஞ்சுத் தாளும் பெரும்பாலும் பாலியஸ்டர்தான், அதையும் உள்ளே வைக்காதீர்கள். இன்னொன்று, ஈரமான பிடிதுணியால் குக்கரைத் தூக்கக் கூடாது. ஈரம் சூட்டைக் கடகடவென்று கைக்குக் கடத்தும். அதனால் நாலைந்து தைத்து மாற்றி மாற்றிப் போடுவதுதான் சரி. மஞ்சள் கறை போகாது, போகவும் வேண்டாம்.

தலையணை உறை சுலபம், ஜிப் தேவையில்லை, பின்பக்கம் இரண்டு துண்டை ஐந்தாறு அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற மாதிரி வைத்துத் தைத்தால் போதும். முன்பக்கத்தில் ஒட்டுவேலை செய்வதாக இருந்தால் ஓரங்களில் செய்யுங்கள், நடுவில் செய்தால் கன்னத்தில் கோடு விழுந்து எழுந்திருப்பீர்கள்.

பனியன் துணி மிதியடிக்கு வருகிறேன். பழைய டி-சர்ட்டை உடம்பைச் சுற்றிக் குறுக்கே ஒரு அங்குலப் பட்டைகளாக வெட்டி இழுத்தால் ஓரம் தானே சுருண்டு கயிறாகும், நூல் பிரியாது. மூன்று கயிற்றைப் பின்னலாகப் பின்னி, வட்டமாகச் சுற்றிக் கையால் தைப்பது. மேசைமேல் படுக்கவைத்துக்கொண்டே தைக்க வேண்டும், மடியில் வைத்து இழுத்து இழுத்துத் தைத்தால் மிதியடி கிண்ணமாகக் குவிந்துவிடும். குளியலறை வாசலுக்கு முதல் மாதம் பிரமாதம். அப்புறம்தான் தெரியும், நனைந்தால் தூக்க முடியாத கனம், ஐப்பசி கார்த்திகையில் காயவே காயாது. இப்போது அதை வாசற்படியில் போட்டிருக்கிறேன், அங்கே நன்றாக இருக்கிறது. குளியலறைக்கு ஒற்றை அடுக்குப் பழைய டவல் போதும்.

ஒட்டுப்போர்வை பற்றிக் கேட்பவர்கள் அதிகம். ஆரம்பிப்பவர்களுக்கு ஏற்றது என்று எல்லாரும் சொல்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. துண்டுகள் எல்லாம் ஒரே அளவு, எல்லாத் தையலும் கால் அங்குலம் பிசகாமல், ஒவ்வொரு இணைப்புக்கும் இஸ்திரி. நூல் அகலம் பிசகினாலும் இருபது துண்டு தாண்டும்போது ஓரம் விரலளவு கோணும். போர்வைதான் வேண்டும் என்றால் பழைய காட்டன் சேலை இரண்டை அடுக்கி, வங்காளத்துக் காந்தா மாதிரி முழுக்க ஓட்டுத் தையல் (ஊசியை மேலும் கீழுமாக நேராக ஓட்டிப் போகும் கைத்தையல்) போடுங்கள். துண்டு சேர்க்கும் வேலை கிடையாது, டிவி பார்த்துக்கொண்டே முடிக்கலாம், துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும். நைந்த சேலையில் மட்டும் செய்யாதீர்கள். துணியைவிட நூல் கெட்டியாக இருந்தால் தையல் ஓரத்திலேயே கிழியும்.

துணிப்பூ, துணித்தோரணம், மொபைல் ஸ்டாண்ட் வகையறாவைப் பற்றி எழுத எதுவும் இல்லை. தூசி பிடிக்கும், துவைக்க முடியாது, ஒரு தீபாவளிச் சுத்தத்தில் வெளியே போய்விடும். குழந்தைகளுக்குக் கை பழக வேண்டுமானால் செய்யட்டும். ஸ்க்ரஞ்சி மட்டும் விதிவிலக்கு. பட்டுத் துண்டிலும் கிரேப்பிலும் நன்றாக வருகிறது, அக்கம்பக்கத்துப் பெண்பிள்ளைகள் கேட்டு வாங்கிப் போகிறார்கள், உள்ளே இருக்கும் எலாஸ்டிக் தளர்ந்தால் ஒரு அங்குலம் பிரித்து மாற்றிக்கொள்ளலாம்.

கடைசியில் மிஞ்சும் விரல் நீளத் துணுக்குகளைத் தலையணைக்குள் அடைக்கச் சொல்வார்கள். தலைக்கு வேண்டாம், கல்லாகக் கெட்டிப்படும், கட்டிகட்டியாக உருளும். தரையில் உட்காரும் திண்டுக்கு அதுவே பொருத்தம், கெட்டியாக இருந்தால்தான் நல்லது. உள்ளுறையைத் தனியாகத் தைத்து வாயைக் கையால் மூடிவிட்டு, மேலே கழற்றித் துவைக்கிற உறை ஒன்று போடுங்கள். ஒரு திண்டு நிரம்ப எதிர்பார்ப்பதைவிட நிறையத் துணுக்கு பிடிக்கும், அதனால் சமையலறை மூலையில் ஒரு சாக்கை இப்போதே தொங்கவிட்டுச் சேர்க்க ஆரம்பிக்கலாம்.